சுண்டெலியின் தைரொயிட்டில் வளர்ச்சி ஓமோன்: மட்டக்களப்பு, அம்பாறை மாணவர்களுக்கு ஓர் ஆய்வு வழிகாட்டி

வந்தாறுமூலையிலோ பிள்ளையாரடியிலோ சம்மாந்துறையிலோ பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டு, இறுதியாண்டு ஆய்வுக்கு "வளர்ச்சி ஓமோன் சுண்டெலியின் தைரொயிட் சுரப்பியை எப்படி வளர்க்கிறது" என்பது போன்ற தலைப்பை எடுத்திருப்பவர்களுக்காக இது எழுதப்படுகிறது. தலைப்பு ஒரு வரிதான். வேலையோ விண்ணப்பத்திலிருந்து கடைசிக் கண்ணாடித் தட்டுவரை பத்து மாதம் எடுக்கும். கையில் ஒரு செமஸ்டர்தான் இருக்கிறது என்றால் 2ஆம் படியில் சொல்லியிருக்கும் கணினி வழியை எடுங்கள். எலி வாங்குவதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

1. முதலில் கேள்வியைச் சுருக்குங்கள்

சுண்டெலிக் கருவில் தைரொயிட் ஏறத்தாழ 9ஆம் நாளில் அரும்பு விடுகிறது. 13, 14ஆம் நாளளவில் மூச்சுக்குழாயின் முன்பக்கம் வந்து சேர்கிறது. 16ஆம் நாளளவில் புடகங்கள் (ஓமோனைத் தேக்கும் சிறு பைகள்) உருவாகின்றன. 19 அல்லது 20ஆம் நாளில் குட்டி பிறந்துவிடும். வளர்ச்சி ஓமோன் இல்லாத சுண்டெலிக் குட்டிகளும் பிறக்கும்போது ஏறக்குறைய வழமையான பருமனில்தான் இருக்கும். இரண்டாவது வாரத்துக்குப் பிறகே அவை பின்தங்குவது கண்ணுக்குத் தெரியும். ஆகவே "கருவில் தைரொயிட் உருவாக்கம்" என்று முன்மொழிவில் எழுதினால், வளர்ச்சி ஓமோனின் கை அதிகம் படாத காலத்தைத் தேடிப் போகிறீர்கள். பிறப்புக்குப் பின் 7ஆம் நாளிலிருந்து 21ஆம் நாள்வரை என்று காலத்தைக் குறியுங்கள். தைரொயிட் சுரக்கும் முக்கிய ஓமோனான ரீ4 சுண்டெலிக் குருதியில் உச்சத்துக்குப் போவதும் ஏறத்தாழ இரண்டாவது வார இறுதியில்தான்.

அடுத்தது, எந்த வழியாக நடக்கும் பாதிப்பைப் பார்க்கிறீர்கள் என்பது. மூன்று வழிகள் உண்டு. வளர்ச்சி ஓமோன் ஈரலிலும் மற்றத் திசுக்களிலும் ஐ.ஜி.எஃப்-1 என்ற இன்சுலின் போன்ற வளர்ச்சிக் காரணியைக் கூட்டுகிறது. தைரொயிட் கலங்கள் பெருக, கபச்சுரப்பி அனுப்பும் தைரொயிட் தூண்டும் ஓமோனான ரீ.எஸ்.எச். மட்டும் போதாது, ஐ.ஜி.எஃப்-1 அல்லது இன்சுலின் சமிக்ஞையும் சேர வேண்டும். இது முதல் வழி. இரண்டாவது, சுரப்பிக்கு வெளியே ரீ4 ஐ வீரியம் கூடிய ரீ3 ஆக மாற்றுவதை வளர்ச்சி ஓமோன் கூட்டுகிறது. மூன்றாவது, வளர்ச்சி ஓமோனால் மூளையின் சோமற்றோஸ்ரற்றின் என்ற தடுப்பு ஓமோன் உயர்ந்து கபச்சுரப்பியின் ரீ.எஸ்.எச். சுரப்பைக் கொஞ்சம் அடக்குகிறது. இவற்றுக்கு எதிர்த்திசையிலும் ஒரு பாதை இருக்கிறது: எலியினங்களில் வளர்ச்சி ஓமோனின் பரம்பரையலகை இயக்கவே தைரொயிட் ஓமோன் தேவை. தைரொயிட் குறைந்த சுண்டெலியின் கபச்சுரப்பியில் வளர்ச்சி ஓமோனும் குறைந்துவிடும். எது காரணம், எது விளைவு என்று வாய்மொழித் தேர்வில் கேட்கப்படும் இடம் இதுதான்.

பழைய கட்டுரைகளை வாசிக்கும்போது மாணவர்கள் அதிகம் விழும் குழியொன்று இருக்கிறது. ஏம்ஸ் குள்ளச் சுண்டெலி, ஸ்னெல் குள்ளச் சுண்டெலி இரண்டையும் "வளர்ச்சி ஓமோன் இல்லாத எலிகள்" என்று எழுதிவிட்டு, அவற்றின் சிறிய தைரொயிட்டைச் சான்றாகக் காட்டுவார்கள். அவ்விரண்டிலும் வளர்ச்சி ஓமோனோடு புரோலக்ரின் என்ற பால் சுரக்கவைக்கும் ஓமோனும் ரீ.எஸ்.எச்சும் சேர்ந்தே இல்லை. ரீ.எஸ்.எச். இல்லாதபோது தைரொயிட் சிறுத்ததற்கு வளர்ச்சி ஓமோனைக் குற்றம் சொல்ல முடியாது. சான்றாகக் காட்டத் தகுந்தவை வேறு: வளர்ச்சி ஓமோனை விடுவிக்கும் ஓமோனின் வாங்கி (ஓமோன் வந்து ஒட்டும் கலப் புரதம்) பழுதான 'லிற்றில்' சுண்டெலி, வளர்ச்சி ஓமோன் வாங்கியே நீக்கப்பட்ட லாரோன் சுண்டெலி. லாரோன் சுண்டெலியின் குருதியில் வளர்ச்சி ஓமோன் மிக உயர்வாகவும் ஐ.ஜி.எஃப்-1 மிகக் குறைவாகவும் இருக்கும். அட்டவணையைத் தலைகீழாக வாசித்துவிடாதீர்கள்.

2. எந்த வழியில் செய்வது என்று தீர்மானியுங்கள்

பரம்பரை மாற்றம் செய்த சுண்டெலிகளை இறக்குமதி செய்வதை இளமாணி ஆய்வுக்கு மறந்துவிடலாம். கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்தின் அனுமதி, தனிமைப்படுத்தல், விமானச் செலவு எல்லாம் சேர்ந்தால் உங்கள் பட்டமே முடிந்துவிடும்.

மீதமிருப்பவை இரண்டு. ஒன்று, இலங்கையில் கிடைக்கும் ஐ.சி.ஆர். என்ற வெள்ளைச் சுண்டெலி இனத்தை வளர்த்து, குட்டிகளுக்கு வளர்ச்சி ஓமோன் ஊசி போட்டுப் பார்ப்பது. இயல்பாகவே ஓமோன் உள்ள விலங்குக்கு மேலதிகமாகக் கொடுக்கிறீர்கள். எனவே மாற்றம் சிறிதாகத்தான் இருக்கும் என்பதை முன்மொழிவிலேயே எழுதிவிடுங்கள். மற்றது, இலவசமாகக் கிடைக்கும் பொதுத் தரவுகளைக் கணினியில் ஆராய்வது. மவுஸ் ஜீனோம் இன்ஃபர்மற்றிக்ஸ், சர்வதேச சுண்டெலிப் பண்பாய்வுக் கூட்டமைப்பு, ஜியோ என்ற மரபணு வெளிப்பாட்டுக் களஞ்சியம் ஆகிய மூன்றும் போதும். விலங்குச் செலவு இல்லை, மூன்று மாதத்தில் முடிக்கலாம். கணினி ஆய்வைக் குறைவாகப் பார்க்கும் மேற்பார்வையாளர்கள் இருக்கிறார்கள். ஆனால் மூன்று எலியை வைத்து எழுதிய ஆய்வைவிட அது எவ்வளவோ மேல்.

கீழே வருவதெல்லாம் எலி வளர்த்து ஊசி போடும் வழிக்கு.

3. ஆவணங்கள்: எலிக்கு முன்னால் கடிதம்

நெறிமுறை மீளாய்வுக் குழுவின் எழுத்துமூல அனுமதி கைக்கு வரும்வரை ஒரு எலியையும் வாங்கக்கூடாது. ஆய்வு முடிந்த பிறகு பின்திகதியிட்டு அனுமதி எடுக்க முடியாது, சஞ்சிகைகளும் ஏற்காது. உங்கள் பீடத்தின் குழு மனிதர் தொடர்பான ஆய்வுகளை மட்டும் பார்க்கிறதா, விலங்கு ஆய்வையும் பார்க்கிறதா என்று முதலில் செயலாளரிடம் கேளுங்கள். தவறான குழுவுக்குப் போன விண்ணப்பம் திரும்பி வருவதற்குள் ஒரு கூட்டம் தப்பிவிடும். குழு மாதம் ஒரு முறை கூடும் என்று வைத்துக்கொண்டாலும், திருத்தம் கேட்பது கிட்டத்தட்ட நிச்சயம் என்பதால் மூன்று மாதம் ஒதுக்குங்கள்.

விண்ணப்பத்தோடு போக வேண்டியவை: முழு முன்மொழிவு, மேற்பார்வையாளரின் கடிதம், அனிமல் ஹவுஸ் பொறுப்பாளரின் சம்மதம், விலங்கைக் கையாளப் பயிற்சி பெற்றதற்கான சான்று, ஒரு கால்நடை வைத்தியர் மேற்பார்வை செய்வார் என்ற கடிதம், மயக்கமருந்தின் பெயரும் அளவும், கொல்லும் முறை, உடல்களை அகற்றும் முறை, எண்ணிக்கைக்கான நியாயம். குழு அதிகம் கிளறுவது கடைசியைத்தான். "முன்னைய ஆய்வுகளில் 6 எடுத்தார்கள்" என்று எழுதினால் திரும்பி வரும். முன்னைய தரவு இல்லாத சிறிய ஆய்வுக்கு வளச்சமன்பாட்டைப் பயன்படுத்தலாம்: மொத்த எண்ணிக்கையிலிருந்து குழுக்களின் எண்ணிக்கையைக் கழித்தால் 10க்கும் 20க்கும் இடையில் வர வேண்டும். அரைவ் 2.0 என்ற விலங்கு ஆய்வு அறிக்கையிடல் பட்டியலை இப்போதே இறக்கி வையுங்கள். அதில் உள்ள ஒவ்வொரு வரியும் பின்னால் உங்களிடம் கேட்கப்படும்.

வைத்தியசாலை நோயியல் ஆய்வுகூடத்தில் திசு வெட்டப் போகிறீர்கள் என்றால், துறைத்தலைவர், பீடாதிபதி வழியாக வைத்தியசாலைப் பணிப்பாளருக்குத் தனிக் கடிதம் வேண்டும். அங்குள்ள தொழில்நுட்பவியலாளர் தெரிந்தவர் என்பது அனுமதி ஆகாது. நோயாளிகளின் திசுவுக்கு அடுத்துத்தான் உங்கள் எலி.

4. செலவும் கொள்வனவும்

பணத்தில் பெரும்பகுதியைத் தின்பது, குருதியில் ஓமோனை அளக்கும் எலைசா கிட்கள். ஒரு கிட் பல நூறு டொலர், கொழும்பு முகவர் வழியாக வருகிறது, விலைமனுவின் செல்லுபடிக் காலமும் குறுகியது. ரூபா ஆட்டம் கண்டால் பழைய விலைமனுவை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. அடுத்த பெரிய செலவு வளர்ச்சி ஓமோன். சுண்டெலி, தீவனம், உமி, போமலின் எல்லாம் இவற்றோடு ஒப்பிட்டால் சிறு தொகை.

தீவனத்தைக் கணக்கிட ஒரு வழி: வளர்ந்த சுண்டெலி நாளுக்கு 3 முதல் 5 கிராம் தின்னும், பாலூட்டும் தாய் அதைப்போல் இரு மடங்குக்கு மேலேயும் தின்னும். 12 பெரிய எலிகளுக்கு மூன்று மாதத்துக்கு 8 கிலோ எடுத்தால் பயமில்லை. அதை ஒரே தடவையில், ஒரே தொகுதி இலக்கத்தில் வாங்குங்கள். காரணம் 5ஆம் படியில்.

பல்கலைக்கழகக் கொள்வனவில் மூன்று விலைமனு, கொள்வனவுக் கோரிக்கை, ஒப்புதல் என்று வரிசையாகப் போகும். நிதியாண்டு டிசம்பர் 31இல் முடிகிறது. ஒக்டோபருக்குள் கோரிக்கை போகாவிட்டால் அந்த ஆண்டின் பணம் போய்விடும். கட்டளையில் "வந்து சேரும் நாளிலிருந்து குறைந்தது ஆறு மாதம் காலாவதி இருக்க வேண்டும்" என்று எழுதி வையுங்கள். கிட்டைக் கொழும்பிலிருந்து பஸ்ஸில் பார்சலாகப் போடவே விடாதீர்கள். ஐஸ் உருகிய பெட்டியில் வந்த கிட் வேலை செய்வது போலவே காட்டும், நியம வளைகோடு (தெரிந்த அளவுகளைக் கொண்டு வரையும் ஒப்பீட்டுக் கோடு) மட்டும் படுத்துவிடும். குளிர்ப்பெட்டியோடு ஆள் போய் எடுத்து வரும் செலவையும் பாதீட்டில் போடுங்கள்.

5. சுண்டெலியும் அறையும்

ஐ.சி.ஆர். சுண்டெலிகளைக் கொழும்பு 8இல் உள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தில் எழுத்துமூலக் கோரிக்கை கொடுத்துப் பெறலாம். கோரிக்கையில் பால், வயது, எண்ணிக்கை, தேவைப்படும் திகதி, நெறிமுறை அனுமதி இலக்கம் எல்லாம் இருக்க வேண்டும். கேட்டவுடன் தர மாட்டார்கள், வளர்த்துத்தான் தருவார்கள். ஆகவே ஒரு மாதமாவது முன்கூட்டிக் கேளுங்கள். 300 கிலோமீற்றருக்கு மேற்பட்ட பயணம். இரவில் புறப்பட்டு விடியலில் வந்து சேருங்கள். பகல் வெயிலில் மகாஓயாப் பக்கம் வாகனம் நின்றால் பெட்டிக்குள் எலி செத்துப்போகும். தண்ணீர்ப் போத்தல் ஒழுகும் என்பதால் வெள்ளரித் துண்டு போடுங்கள். வந்த பிறகு ஒரு வாரம் எதுவும் செய்யாமல் விடுங்கள், இரண்டு வாரம் என்றால் இன்னும் நல்லது.

இனி வருவதுதான் இந்த ஆய்வைக் காப்பாற்றும் அல்லது கெடுக்கும் பகுதி. தைரொயிட் சூழலுக்கு உடனே வளைந்துகொடுக்கும் சுரப்பி. ஊசியால் வரும் மாற்றத்தைவிட அறையும் தீவனமும் கொண்டுவரும் மாற்றம் பெரிதாக இருக்கக்கூடும்.

வெப்பம். உலகத்து ஆய்வுகூடங்களில் சுண்டெலி 20 முதல் 24 பாகை செல்சியசில் வளர்கிறது. சுண்டெலிக்கு அது சற்றுக் குளிர், உடம்பைச் சூடாக்கத் தைரொயிட்டைக் கொஞ்சம் கூடவே ஓட்டிக்கொண்டிருக்கும். வளர்ந்த சுண்டெலி சூடாக்கும் வேலை இல்லாமல் நிம்மதியாக இருப்பது 30 பாகையளவில். மட்டக்களப்பில் ஜன்னல் திறந்த அறை மே, ஜூனில் அதற்கும் மேலே போகும், அப்போது சுரப்பி அடங்கிப்போகும். ஏசி இருந்து, மின்வெட்டில் நின்று நின்று ஓடினால் இரண்டுக்கும் நடுவில் ஆடும். ஏசிக்கு ஜெனரேற்றர் இணைப்பு இருக்கிறதா என்று கேட்டு உறுதிப்படுத்துங்கள். அதியுயர், அதிதாழ் காட்டும் வெப்பமானி ஒன்றைக் கூட்டின் மட்டத்தில் தொங்கவிட்டு, காலையும் மாலையும் எழுதுங்கள். எல்லாக் குழுக்களும் ஒரே தட்டில், ஒரே அறையில் இருக்கட்டும். ஒரு குழு ஏசிக்கு நேர் கீழே, மற்றது மூலையில் என்று வைத்தால் நீங்கள் அளப்பது ஏசியைத்தான்.

அயடீன். சுண்டெலிக்குத் தேவையான அயடீன் ஒரு கிலோ தீவனத்துக்கு 0.15 மில்லிகிராம் மட்டுமே. மீன்தூள் சேர்த்துக் கையால் பிடித்த தீவனத்தில் அது பல மடங்கு ஏறிவிடும், ஒரு தொகுதிக்கும் மறு தொகுதிக்கும் மாறவும் செய்யும். சோயா மா கூடினால் எதிர்ப்பக்கம்: சோயாவில் உள்ள சேர்மங்கள் தைரொயிட் பெரொக்சிடேஸ் நொதியத்தைத் தடுக்கின்றன. கோழித் தீவனம் மலிவு என்று போடாதீர்கள், அதில் மருந்து கலந்திருக்கும். சுத்திகரிப்புக்குப் பெட்டடீன் போன்ற அயடீன் மருந்தை அறைக்குள்ளேயே கொண்டுவர வேண்டாம். 70 சதவீத எதனோல் போதும். குடிநீரைக் குழாயிலிருந்து எடுப்பதா கிணற்றிலிருந்தா என்று முதல் நாளே தீர்மானித்து, கடைசிவரை மாற்றாதீர்கள்.

படுக்கைக்கு உமி நல்லது. அம்பாறைப் பக்கம் ஆலைகளில் தாராளமாகக் கிடைக்கும். தூசு சலித்து, ஓட்டோகிளேவ் பண்ணி, நன்றாக உலர்த்திப் போடுங்கள். நொவெம்பர் முதல் ஜனவரிவரை எதுவும் உலராது, தீவனத்தில் பூஞ்சணம் பிடிக்கும், வெள்ளம் வந்தால் வீதியும் அடைபடும். இனப்பெருக்கத்தைப் பெப்ரவரி, மார்ச்சில் தொடங்குவதுதான் புத்தி. அப்படியானால் நெறிமுறை விண்ணப்பம் முந்திய செப்டெம்பரில் போக வேண்டும்.

எறும்பை மறந்துவிடாதீர்கள். ஒரே இரவில் பிறந்த குட்டிகளை அரித்துவிடும். தட்டின் கால்களைச் சவர்க்காரத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள், பூச்சிமருந்து அடிக்க வேண்டாம். ஒளி 12 மணி, இருள் 12 மணி, ரைமர் வைத்து. இரவுக் காவலரின் லைற் உள்ளே விழுகிறதா என்று ஒரு இரவு போய்ப் பாருங்கள்.

6. இனப்பெருக்கமும் குட்டிகளும்

ஆறு தாய்களின் குட்டிகள் வேண்டும் என்றால் எட்டுப் பெண்ணும் நான்கு ஆணும் எடுங்கள். ஒன்றிரண்டு கருத்தரிக்காது, ஒன்று முதல் ஈற்றை (ஒரே பிரசவத்துக் குட்டிகளை) தின்றுவிடும். ஆணின் அழுக்குப் படுக்கையை மூன்று நாள் முன்பே பெண்களின் கூட்டில் போட்டால் அவை ஏறக்குறைய ஒரே நேரத்தில் பருவத்துக்கு வரும். பிறகு ஒரு ஆணுக்கு இரண்டு பெண். காலையில், கூடியதற்கு அடையாளமான யோனியடைப்பைப் பாருங்கள், மதியத்துக்குள் விழுந்துவிடும்.

பிறந்த நாளை 0 என்று எண்ணுவதா 1 என்று எண்ணுவதா என்பதை எழுதி வையுங்கள். முதல் இரண்டு நாளுக்குள் ஒவ்வொரு தாயிடமும் 8 குட்டிகளை மட்டும் விடுங்கள். 14 குட்டி உள்ள ஈற்றில் ஒவ்வொன்றும் பால் குறைந்து ஐ.ஜி.எஃப்-1 விழும், உங்கள் கேள்வியே அதுதான். ஐ.சி.ஆர். வெள்ளை இனம் என்பதால் ஆண் குட்டிகளில் நிறப்பொட்டு தெரியாது, பிறந்தவுடன் ஆண் பெண் பிரிப்பது கடினம். மலவாய்க்கும் பிறப்புறுப்புக்கும் இடையிலான தூரத்தைப் பார்த்துப் பிரித்து, பெண்களில் முலைக்காம்பு தெரியும் 9, 10ஆம் நாளில் திரும்ப உறுதிப்படுத்துங்கள். ஆணிலும் பெண்ணிலும் வளர்ச்சி ஓமோன் வேறு லயத்தில் சுரப்பதால் ஒரு பாலை மட்டும் எடுங்கள்.

ஒவ்வொரு ஈற்றிலும் இரண்டு ஆண் குட்டிக்கு ஓமோன், இரண்டுக்கு அதே கரைப்பான். மீதி நான்கும் எண்ணிக்கையைக் காக்கத் தாயோடு இருக்கட்டும். மொத்தம் 12க்கு 12. 10ஆம் படியில் சொல்வதுபோல் ஈற்றுச் சராசரியை அலகாக எண்ணினால் 6க்கு 6, வளச்சமன்பாட்டில் 12 கழித்தல் 2, அதாவது 10 வரும். நான்கு ஆண் இல்லாத ஈற்றைத் தவிர்க்கத்தான் மேலதிகத் தாய்கள். குட்டிகளை வாலில் நிற மார்க்கரால் குறித்து நாள்தோறும் புதுப்பியுங்கள், தாய் நக்கி அழித்துவிடும்.

7. ஊசிக் கணக்கு

மருந்தகத்தில் கிடைப்பது மனித வளர்ச்சி ஓமோன். ஒரு மில்லிகிராம் என்பது 3 சர்வதேச அலகு. 4 அலகுக் குப்பியில் 1.33 மில்லிகிராம் இருக்கும். அலகையும் மில்லிகிராமையும் குழப்பினால் அளவு மூன்று மடங்கு பிழைத்துப்போகும். தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையில் பதிவான பொருளைப் பற்றுச்சீட்டோடு வாங்குங்கள். உடற்பயிற்சி நிலையங்களைச் சுற்றி விற்கும் குப்பிக்குள் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

ஒரு கிராம் உடல் எடைக்கு 3 மைக்ரோகிராம், நாளுக்கு இரு தடவை, தோலுக்குக் கீழே. கரைசலை மில்லிலீற்றருக்கு 0.3 மில்லிகிராமாகத் தயாரித்தால் ஒரு கிராமுக்கு 10 மைக்ரோலீற்றர் போடலாம்: 5 கிராம் குட்டிக்கு 50 மைக்ரோலீற்றர். 12 குட்டி, 14 நாள், சராசரி 9 கிராம் என்று பெருக்கினால் 9 மில்லிகிராமுக்குச் சற்று மேலே வரும். 4 அலகுக் குப்பி ஏழு. விரயத்துக்கும் சேர்த்துப் பத்து வாங்குங்கள்.

குப்பியைக் குலுக்காதீர்கள், உருட்டிக் கரையுங்கள். நுரை வந்தால் புரதம் கெட்டுவிட்டது. உறையவைக்கக்கூடாது, 2 முதல் 8 பாகையில் வைத்து, கரைத்த பின் எத்தனை நாள் என்று பெட்டியில் எழுதியிருப்பதைப் பின்பற்றுங்கள். ஐதான கரைசலில் ஓமோன் பிளாஸ்ரிக்கில் ஒட்டிப்போகும் என்பதால் 0.1 சதவீத மாட்டு அல்புமின் சேருங்கள், கரைப்பான் குழுவுக்கும் அதையே சேருங்கள். ஒவ்வொரு நாளும் குட்டியின் எடையைப் பார்த்து ஊசியின் அளவை மாற்ற வேண்டும். இன்சுலின் சிரிஞ்சே போதும். ஊசியை எடுத்த பின் பத்து விநாடி தோலைப் பிடித்திருங்கள், இல்லாவிட்டால் பாதி வெளியே வந்துவிடும். கையுறையில் அந்தக் கூட்டின் உமியைத் தேய்த்துக்கொண்டு குட்டியைத் தொடுங்கள்.

இரண்டு எச்சரிக்கை. மனித வளர்ச்சி ஓமோன் சுண்டெலியில் புரோலக்ரின் வாங்கியையும் தூண்டும், மாட்டு வளர்ச்சி ஓமோன் தூண்டாது. மனிதனுடையதை எடுத்தால் இந்த வரம்பைக் கலந்துரையாடலில் எழுதியே ஆக வேண்டும். மற்றது, வாரக்கணக்கில் நீட்டினால் எலி எதிர்ப்புடல் உண்டாக்கும், ஓமோன் வேலை செய்யாமல் போகும். இரண்டு வாரத்தோடு நிறுத்துவதற்கு அதுவும் ஒரு காரணம்.

8. குருதி, சுரப்பி

21ஆம் நாள் காலை, எல்லாவற்றையும் ஒரே மூன்று மணி நேரத்துக்குள், ஓமோன் ஒன்று கரைப்பான் ஒன்று என்று மாறி மாறி எடுங்கள். பட்டினி போடாதீர்கள். பட்டினியில் ரீ4, ஐ.ஜி.எஃப்-1 இரண்டும் விழும். மயக்கத்துக்குக் கற்றமின், சைலசின் கலவையைக் கால்நடை வைத்தியரின் அளவுப்படி கொடுங்கள். சைலசின் வளர்ச்சி ஓமோன் சுரப்பையே தூண்டக்கூடியது. அதுவும் தவிர, வளர்ச்சி ஓமோன் துடிப்புத் துடிப்பாகச் சுரக்கும் என்பதால் ஒரு தடவை எடுத்த குருதியில் அதை அளப்பதில் அர்த்தமில்லை. அளக்க வேண்டியது ஐ.ஜி.எஃப்-1.

12, 13 கிராம் குட்டியின் உடலில் மொத்தக் குருதியே ஒரு மில்லிலீற்றருக்குள். இதயத்திலிருந்து 0.3 முதல் 0.5 வரை கிடைக்கும், சீரம் அதில் பாதி. அரை மணி உறையவிட்டு, 2000 ஜீ விசையில் 10 நிமிடம் சுழற்றுங்கள். சிறு சிறு குழாய்களாகப் பிரித்து, இரண்டு வெவ்வேறு ஃபிரீசரில் பாதி பாதியாக வையுங்கள். எங்கள் பக்கத்து மின்சாரத்துக்கு இது கட்டாயம்.

சுரப்பி சில மில்லிகிராம்தான். தனியாகப் பிடுங்கப் போனால் நசிந்துவிடும். கழுத்துத் தோலைத் திறந்ததும் முதலில் தெரியும் பெரிய வெளிறிய கட்டி உமிழ்நீர்ச் சுரப்பி. அதையே தைரொயிட் என்று போமலினில் போட்டவர்கள் உண்டு. அதை மேலே தூக்கி, மெல்லிய தசைப்பட்டையை நடுவில் பிரித்தால் குரல்வளைக்குச் சற்றுக் கீழே மூச்சுக்குழாயின் இருபக்கமும் செம்பழுப்பு மடல்கள் தெரியும். குரல்வளையிலிருந்து ஐந்தாறு வளையம்வரை மூச்சுக்குழாய், களம் (உணவுக்குழாய்) எல்லாவற்றோடும் ஒரே துண்டாக வெட்டி எடுங்கள்.

9. திசு

பத்துச் சதவீத நடுநிலைப் போமலின் ஒரு லீற்றருக்கு: கடைப் போமலின் 100 மில்லிலீற்றர், காய்ச்சி வடித்த நீர் 900, சோடியம் டைஹைட்ரஜன் பொஸ்பேற் மொனோஹைட்ரேற் 4 கிராம், நீரற்ற டைசோடியம் ஹைட்ரஜன் பொஸ்பேற் 6.5 கிராம். திசுவைப் போல் இருபது மடங்கு கனவளவு, 24 மணி, பிறகு 70 சதவீத எதனோல். மெழுகில் மூச்சுக்குழாய் நிமிர்ந்து நிற்கும்படி வையுங்கள், அப்போதுதான் இரு மடலும் ஒரே வெட்டில் வரும். 5 மைக்ரோன் தடிப்பில் வெட்டுங்கள். புடகத்துக்குள் இருக்கும் கொலொயிட் கூழ் வெடித்து விரிசலாகத் தெரிந்தால் கத்தி மழுங்கிவிட்டது அல்லது மெழுகுக் குற்றி போதாமல் குளிர்ந்திருக்கிறது.

ஒரே ஒரு வெட்டில் புடகத்தை அளக்காதீர்கள். நடுவில் பெரிய புடகமும் ஓரத்தில் சிறியதும் வேறாக இருக்கும். மடல் முழுவதையும் வெட்டி, ஒவ்வொரு பத்தாவது வெட்டையும் எடுத்து, பரப்புகளைக் கூட்டி இடைவெளியால் பெருக்கினால் சுரப்பியின் கனவளவு வரும். மேலணி (புடகச் சுவரின் கல அடுக்கு) உயரம், கொலொயிட் பரப்பு, புடக எண்ணிக்கையை இமேஜ்ஜே என்ற மென்பொருளில் அளக்கலாம், அது இலவசம். கண்ணாடித் தட்டுகளின் இலக்கத்தை வேறொருவரைக் கொண்டு மறைத்த பிறகே அளவிடத் தொடங்குங்கள்.

10. எலைசாவும் வாசிப்பும்

96 கிணற்றில் நியமங்களுக்கு இரட்டையாக 16 போனால் 80 மீதி. உங்கள் 24 மாதிரிக்கும் இரட்டையாக 48, ஒரு கிட் தாராளம். ரீ4 மூலக்கூறு எல்லா விலங்கிலும் ஒன்றே, ஆகவே மனிதக் கிட்டில் மொத்த ரீ4 ஐ அளக்கலாம். ரீ.எஸ்.எச். அப்படியில்லை. மனித ரீ.எஸ்.எச். கிட் சுண்டெலியில் ஒன்றும் காட்டாது, சுண்டெலிக்கென்றே வாங்க வேண்டும். வைத்தியசாலையின் குருதி அளக்கும் பொறியில் போட்டுவிடலாம் என்று நினைத்தால், பொறி உறிஞ்ச முடியாமல் குழாயின் அடியில் விடும் அளவே உங்கள் சீரத்தில் பெரும்பகுதி. சீரம் போதாதபோது வரிசை: முதலில் ஐ.ஜி.எஃப்-1, ஊசி வேலை செய்ததற்கு அதுதான் சாட்சி. பிறகு ரீ4, அதன் பின் ரீ.எஸ்.எச்.; சீரம் மிஞ்சினால் ரீ3.

ஓமோன் குழுவில் ரீ4 குறைந்திருந்தால் உடனே "தைரொயிட் செயல் குறைந்தது" என்று எழுதிவிடாதீர்கள். ரீ4 இலிருந்து ரீ3க்கு மாற்றம் கூடினாலும் அப்படித்தான் தெரியும். ரீ.எஸ்.எச். உயரவில்லை, மேலணியும் உயர்ந்து நிற்கவில்லை என்றால் சுரப்பி தட்டுப்பாட்டில் இல்லை. ரீ.எஸ்.எச். மாறாமல் ஐ.ஜி.எஃப்-1 ஏறி, சுரப்பியின் கனவளவும் கூடியிருந்தால், அது 1ஆம் படியில் சொன்ன ஐ.ஜி.எஃப்-1 வழிக்குச் சாதகமான சான்று.

அடுத்த வாதம் உடல் எடை. பெரிய குட்டிக்குப் பெரிய சுரப்பி இருப்பது இயற்கை. கனவளவைத் தனியாகவும், உடல் எடையை இணைமாறியாக வைத்து அதன் பங்கைக் கழித்தும் இரண்டு விதமாகக் கொடுங்கள். ஒரே ஈற்றுக் குட்டிகள் ஒன்றையொன்று ஒத்திருக்கும் என்பதால் 24 குட்டியை 24 சுயாதீன அளவாக எண்ணி ரீ-சோதனை போட்டால் பொய்யான முக்கியத்துவம் வரும். ஈற்றை எழுமாற்றுக் காரணியாக வைத்த கலப்பு மாதிரி வேண்டும். அது கடினமாக இருந்தால் ஒவ்வொரு ஈற்றிலும் இரு குழுவின் சராசரியை எடுத்து ஆறு சோடிகளாக ஒப்பிடுங்கள்.

11. முடிந்த பிறகு

உடல்களை மஞ்சள் பையில் கட்டி உறையவைத்து, வைத்தியசாலை எரியுலைக்குப் போன பற்றுச்சீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நெறிமுறைக் குழுவின் இறுதி அறிக்கைக்கு அது கேட்கப்படும். போமலினைக் கழுவுதொட்டியில் ஊற்ற வேண்டாம். தாய் எலிகளை என்ன செய்வது என்று விண்ணப்பத்தில் எழுதியபடிதான் செய்ய வேண்டும், வீட்டுக்குக் கொண்டுபோய் வளர்க்க அனுமதி இல்லை. மெழுகுக் குற்றிகளில் விலங்கு இலக்கம், ஈற்று இலக்கம், திகதியைப் பென்சிலால் எழுதித் துறையில் ஒப்படையுங்கள். பேனை மை சைலீனில் கரைந்துவிடும்.